நிற்கிற வண்டியிலும் பிரேக் ஆயிலுக்கு வயசாகும்

பள்ளத்தூரில் எங்கள் தெருவில் மட்டும் ஆறு கார்கள் வருஷத்தில் பாதி நாள் கொட்டகையிலேயே நிற்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், சிங்கப்பூரில் இருப்பார்கள். கல்யாணம், சாந்திக் கல்யாணம், படைப்பு என்று ஊருக்கு வரும்போது உறையை எடுத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, டயருக்குக் காற்றடித்துக் கிளம்பிவிடுவார்கள். "வண்டி ஓடவே இல்லையே, என்ன தேய்ஞ்சிருக்கப் போகுது?" என்பதுதான் எல்லார் பேச்சும். போன வருஷம் மே மாதம் வரை எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான்.

எங்களுடையது 2012-இல் அப்பச்சி வாங்கிய வேகன் ஆர். அப்பச்சி போன பிறகு நான் ஓட்டுகிறேன். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, தேவகோட்டையில் ஒரு விசேஷம், காரைக்குடியில் சாமான் வாங்குவது, அவ்வளவுதான். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டாது. எங்கள் பக்கத்துச் சாலைகள் தட்டை. மாடு குறுக்கே வந்தால்தான் பிரேக்கை அழுத்தி மிதிக்க வேண்டும். இப்படிப்பட்ட ஓட்டத்தில் பிரேக்கின் உண்மையான நிலை தெரியவே தெரியாது.

அந்த மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழி. ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் கழித்து இறங்கும்போது வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள். மூன்றாவது கியரில், பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினேன். தட்டையான ஊரில் ஓட்டிப் பழகியவர்கள் செய்கிற தப்பு இது. ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால் பாதி வேலையை இன்ஜினே செய்துவிடும்.

டம் டம் பாறை தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். ஊறிப்போன மெத்தையை மிதித்த மாதிரி பெடல் உள்ளே போனது. மறுபடி மிதித்தேன், தரையைத் தொட்டது. அடுத்தடுத்து மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. இரண்டாவது கியர், அப்புறம் முதல் கியர் என்று இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் அகலமாக இருந்த ஓர் ஓரத்தில் நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவது, ஆயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை. அன்று எங்களைக் காப்பாற்றியது அந்தக் கேபிள்தான். ஆத்தா பின்சீட்டில் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முன்சக்கரங்களிலிருந்து கருகல் வாடை வந்தது.

பின்னால் வந்த வேன் டிரைவர் ஒருவர் நிறுத்தி இறங்கி வந்தார். நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்திருந்தேன். "சார், தண்ணி ஊத்திராதீங்க, டிஸ்க் வளைஞ்சிரும். ஆயில் கொதிச்சிருச்சு. முக்கால் மணி நேரம் சும்மா நில்லுங்க, தானா வந்துரும்" என்றார். அவர் சொன்னபடியே வந்தது. முக்கால் மணி நேரத்தில் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. எனக்கு அதுதான் பெரிய பயத்தைக் கொடுத்தது. ஆறியதும் எல்லாம் சரியாகிவிடுவதால், ஊருக்கு வந்து எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் "நல்லாத்தானே இருக்கு" என்பார். அடுத்த மலைவரை அந்தக் கோளாறு ஒளிந்துகொண்டிருக்கும்.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் வகை இல்லை. கிளைக்கால் சேர்ந்த திரவம். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பானெட்டுக்கு அடியில் இந்த ஆயில் இருக்கும் டப்பாவின் மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் உள்ளே போகிறது. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகையில் உறை போட்டு நிற்கிற வண்டிக்கும் நடக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு அந்தத் தரம் 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடு என்ற உராய்வுக் கட்டைகளால் இறுக்குவது) இந்தச் சூடு சாதாரணமாக ஏறிவிடும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நம் கால் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேடுக்குப் போய்ச் சேராது.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் அது வேறு கதை, பேடு சூடேறி வழுக்குகிறது. பெடல் பஞ்சாகி உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்க வேண்டும், இல்லை காற்று புகுந்திருக்க வேண்டும், இல்லை எங்கோ ஒழுக வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கால் மறக்கக் கூடாது.

ஊருக்கு வந்ததும் அப்பச்சியின் கணக்கு நோட்டை எடுத்தேன். வண்டிக்கென்று தனி நோட்டு போட்டிருந்தார். பஞ்சர் ஒட்டியதுவரை தேதியோடு இருக்கிறது. 'பிரேக் ஆயில் மாற்றியது' என்ற வரி கடைசியாக 2017-இல். அதற்குப் பிறகு நான் வைத்திருந்த ஒர்க்‌ஷாப் பில்களில் இரண்டில் 'பிரேக் ஆயில் டாப் அப்' என்று மட்டும் இருந்தது. டாப் அப் செய்தால் டப்பாவில் மட்டம் ஏறும், குழாய்க்குள்ளும் காலிப்பருக்குள்ளும் இருப்பது பழைய ஆயிலேதான். இன்னொன்றும் இருக்கிறது. பேடு தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், டப்பாவில் மட்டம் குறையும். ஆகவே மட்டம் குறைந்தால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும், அப்புறம் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் வண்டி நமக்குச் சொல்ல வந்ததை நாமே அழிக்கிறோம்.

பெரியப்பா மகன் அண்ணன் ஒருவர் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலோக அரிப்பைப் பற்றிப் பேச அந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, 1953-இல் திறந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "கொதிக்கிறது ஒரு பக்கம்டா. பழைய ஆயில்ல துருத் தடுக்கிற சரக்கும் தீர்ந்துபோயிரும். உள்ளே இரும்பு சிலிண்டர் புள்ளி புள்ளியா அரிக்கும். அந்தப் புள்ளி ரப்பர் கப்பை வெட்டிரும்" என்றார். அதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை. கூடவே, நானே செய்ய வேண்டும், எந்தச் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் தோன்றியது.

வண்டியின் டப்பா மூடியிலேயே எந்த வகை ஆயில் என்று அச்சிட்டிருக்கும். எங்களுடையதில் டாட் 3. டாட் 4 ஊற்றினாலும் கெடுதல் இல்லை, இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 என்பது மட்டும் சிலிகான், அதை இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது வேறு, அது சிலிகான் இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வேண்டும். சீல் உடைக்காத அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினேன். வேலைக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. மிச்சத்தை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்கவில்லை. திறந்த பாட்டில் அலமாரியில் இருந்தே ஈரம் குடிக்கும்.

மற்றபடி 8, 10 எண் ரிங் ஸ்பேனர், மருந்துக்கடையில் ஒரு பெரிய சிரிஞ்சும் குளுக்கோஸ் டியூபும், கண்ணாடி மாதிரித் தெரிகிற ஒரு பாட்டில், ஜாக்கி, வண்டியைத் தாங்க ஸ்டாண்டு இரண்டு, ஒரு வாளித் தண்ணீர், பழைய துணி. தண்ணீர் எதற்கென்றால், இந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். ஒரு சொட்டு விழுந்தாலும் துடைப்பதோடு விடாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலும் அப்படியே. ஆத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், முகப்புப் பக்கம் வண்டியைக் கொண்டுவரக் கூடாது என்று. அங்கே ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சூளை காணாமல் தண்ணீரில் பதப்படுத்திய கல் அது. ஆயில் இறங்கினால் கறை போகாது. பின்கட்டுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் சமதரையாகப் பார்த்து நிறுத்தினோம். செம்மண் புழுதி பறக்காத காலை நேரம். மழை நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

துணைக்கு அக்கா மகன் வந்திருந்தான், காரைக்குடியில் கல்லூரி மூன்றாம் வருஷம். பெடலுக்கு அவன், நிப்பிளுக்கு நான். நிப்பிள் என்பது ஒவ்வொரு சக்கரத்திலும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விடுகிற சின்னத் திருகு.

முதல் நாள் சாயங்காலமே நான்கு நிப்பிளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊற வைத்திருந்தேன். இதை ஒருநாளும் விடாதீர்கள். பின்சக்கர நிப்பிள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை, நடுவில் துளை வேறு. முறுக்கினால் உடைந்துபோகும், உடைந்தால் வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டும். எங்கள் வண்டியில் இடது பின்சக்கர நிப்பிளுக்கு ரப்பர் தொப்பியே இல்லை, வாயில் செம்மண் இறுகிப்போய் அடைத்திருந்தது. ஊக்கு முனையால் குத்திக் குத்தி எடுத்தேன். ரிங் ஸ்பேனரை முழுக்க உட்கார வைத்து, முதலில் இறுக்குகிற பக்கம் மயிரிழை அழுத்தி, அப்புறம் கழற்றுகிற பக்கம். அசையவில்லை. ஸ்பேனர் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது தட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். கைக்குள் அது இளகியதை உணர்ந்தபோது மூச்சே அப்போதுதான் வந்தது.

ஆனால் நிப்பிளைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது டப்பா வேலை. சிரிஞ்சால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்தேன், சுக்குக் காப்பி நிறம். (நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தெளிவாக இருக்கிற ஆயிலிலும் தண்ணீர் இருக்கும்.) அடியில் கறுப்புக் கசடு. நூல் பிரியாத துணியால் துடைத்து, புது ஆயிலை மேல்கோடுவரை ஊற்றி, மூடியை லேசாக மேலே வைத்தேன். கசடோடு புது ஆயிலை ஊற்றிப் பம்ப் செய்தால் அத்தனையும் குழாய்க்குள் போய்ச் சேரும்.

இன்ஜின் ஆஃப். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஹேண்ட் பிரேக் இறக்கியாயிற்று. பெடலுக்கு அடியில் ஒரு தேக்குக் கட்டையை வைத்தேன். பல வருஷம் ஓடிய மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுவது இதுதான்), ரப்பர் கப் வழக்கமாகப் போய்வராத அடிப்பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். ஆயில் மாற்றப் போய் மாஸ்டர் சிலிண்டரையே மாற்ற வேண்டி வந்தது என்று பலர் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ அதில் தொடங்குவது பட்டறை வழக்கம். நம் ஊர் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம், ஆகவே இடது பின்சக்கரம் முதலில். அடுத்து வலது பின், இடது முன், வலது முன் என்று செய்தேன். குறுக்காகக் குழாய் போட்ட சில வண்டிகளுக்கு வரிசை மாறும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறு முனை பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்கி இருக்க வேண்டும்.

அவன் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் நிப்பிளைக் கால் சுற்று திறப்பேன், ஆயில் பீறிட்டு வரும், பெடல் இறங்கும். நான் மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். இதில் கஷ்டமே இல்லை என்றுதான் நினைத்தோம். இடது பின்சக்கரம் அழகாக முடிந்தது, பதினைந்து மிதியில் டியூபில் வெளிறிய மஞ்சள் ஓடியது. வலது பின்சக்கரத்தில் தப்பு நடந்தது. நிப்பிள் திறந்திருக்கும்போதே டியூப் நழுவியது. அதைச் சரிசெய்து "ம், சரி" என்றேன். அவன் அதை 'மூடியாச்சு, விடு' என்று எடுத்துக்கொண்டு காலை எடுத்துவிட்டான். டியூபில் இருந்த ஆயில் பின்னோக்கி ஓடியது. கூடவே ஒரு நீளக் காற்றுக் குமிழியும் நிப்பிளுக்குள் போவதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

அவன் மேல் தப்பே இல்லை. 'சரி' என்ற சொல்லுக்கு நம் வாயில் நூறு அர்த்தம். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்று வார்த்தை முடிவு செய்தோம். நான் "மிதி" என்பேன். அவன் மிதித்துவிட்டு "பிடிச்சிருக்கேன் மாமா" என்பான், அதைக் கேட்காமல் நான் ஸ்பேனரைத் தொடமாட்டேன். மூடிய பிறகு "விடு மாப்ளே" என்பேன். இந்த மூன்றைத் தவிர வேறு எந்தப் பேச்சும் கூடாது. சரி, ம், ஆச்சு எதுவும் கூடாது. அதன் பிறகு ஒரு மிதிகூடப் பிசகவில்லை. உள்ளே போன காற்றை எடுக்க ஒன்பது மிதி கூடுதலாகப் பிடித்தது.

டப்பாவை ஐந்து மிதிக்கு ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். அது காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே காற்று புகுந்து, முதலிலிருந்து தொடங்க நேரும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் அதன் வால்வுப் பெட்டியான மாடுலேட்டருக்குள் காற்று போய்விட்டால் பல மாடல்களில் ஸ்கேனர் கருவி இல்லாமல் எடுக்க முடியாது. பைக்கில் டப்பா இன்னும் சிறியது, நாலைந்து அமுக்கிலேயே அடி தெரிந்துவிடும்.

இன்னொரு குழப்பம் வரும். எத்தனை மிதித்தாலும் பொடிப் பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருக்கும். நிப்பிளை அதிகம் திறந்திருந்தால் மரை வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் வருவது அது. குறைவாகத் திறந்தால் நின்றுவிடும். காலிப்பரில் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். யாராவது இடது வலது மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் கீழே வந்துவிடும், ஆயுசுக்கும் காற்று வெளியேறாது. அதே போல, காற்றே இல்லாமலும் பெடல் தாழ்வாக இருக்கலாம், பின் டிரம்மில் அதை உள்ளிருந்து பிடிக்கும் ஷூவுக்கு இடைவெளி அதிகமாகியிருக்கும். அதை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், பிளீடிங் செய்து, அதாவது காற்று எடுத்து, பயனில்லை.

முடித்து, நிப்பிள்களை அளவாக இறுக்கி, தொப்பி போட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். டப்பாவை மேல்கோடுவரை நிரப்பி மூடியைத் திருகினேன். பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தேன், இறங்கவில்லை. மெதுவாக இறங்கினால் எங்கோ ஒழுக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் போயிற்று என்று அர்த்தம். இன்ஜினைப் போட்டதும் பெடல் கொஞ்சம் தாழும், அது நம் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வது, பயப்பட வேண்டியதில்லை. நான்கு நிப்பிளையும் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் கானாடுகாத்தான் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி, திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன். அப்பச்சி இருந்தபோது இருந்த பெடல் அது. மேலேயே பிடித்தது.

இதை எழுதுவதால் எல்லாரும் ஸ்பேனரைத் தூக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நிப்பிள் இளகாவிட்டால், பெடல் கெட்டிப்படாவிட்டால் வண்டியை ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். மெக்கானிக்கிடமே கொடுப்பவர்கள் "பிரேக் ஆயில் பாருங்க" என்று சொல்லாதீர்கள், "முழுசா மாத்தி, நாலு சக்கரத்திலயும் ஏர் எடுங்க" என்று சொல்லி, பக்கத்தில் நின்று பழைய ஆயிலைப் பாட்டிலில் பாருங்கள். பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. கிலோமீட்டர் கணக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நம் ஊர்க் கொட்டகை வண்டிகளுக்கு முறையே வராது.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றவில்லை. நம் ஊர்களில் மழைத்தண்ணீர் எல்லாம் கடைசியில் ஊரணிக்குத்தான் போகிறது. இது விஷம். இனிப்பு வேறு, நாயோ குழந்தையோ நக்கிவிடும். வந்த பாட்டிலிலேயே திரும்ப ஊற்றி, மேலே பெரிதாக எழுதி, கழிவு ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிட்டேன். தண்ணீர் பாட்டிலில், சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அப்பச்சியின் நோட்டில் 2017 வரிக்கு அடுத்து இடம் விடாமல் தேதியும் கிலோமீட்டரும் எழுதினேன். பானெட்டுக்கு உள்ளேயும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, வேறு யார் ஓட்டினாலும் தெரியட்டும் என்று.

இப்போது எதிர்வீட்டு அம்பாசடர். நாலு சக்கரத்திலும் டிரம் வைத்த பழைய வண்டி. பினாங்கிலிருந்து அடுத்த மாதம் படைப்புக்கு வருகிறார்கள், பழனிக்கும் போவதாகப் பேச்சு. சாவி எங்களிடம்தான் இருக்கிறது. போன் செய்து கேட்டேன், செய்யச் சொல்லிவிட்டார்கள். டப்பா மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்பாக இருக்கிறது. நிப்பிள் நான்குக்கும் நேற்று ஸ்ப்ரே அடித்துவிட்டேன், இன்றும் அடிக்க வேண்டும். சனிக்கிழமை மாப்பிள்ளை வருகிறான்.